ஷூவைக் கழற்றிவிட்டால் முழங்கால் வலி போய்விடுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். வயது 38. இரண்டு ஆண்டுகளாக ஓடுகிறீர்கள். ஆறேழு கிலோமீட்டரைத் தாண்டினால் முழங்கால் சில்லைச் சுற்றி வலி வருகிறது. வெறுங்காலோடு நாட்டையே ஓடிக் கடந்தவர்களைப் பற்றிப் படித்திருக்கிறீர்கள். ஷூவைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர்களுடைய ஓட்ட முறையைக் கற்றுக்கொண்டால், மூன்று மாதத்தில் வரவிருக்கும் அரை மாரத்தானை வலியில்லாமல் முடித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். கடைசியில், "அவர்களெல்லாம் பிறவியிலேயே அப்படிப்பட்ட கால் வாய்த்தவர்களா?" என்று ஒரு வரி. முழங்காலை விட அந்த ஒரு வரிதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று எனக்குப் படுகிறது. அதையும் விடாமல் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

என்னைப் பற்றி ஓரிரு வார்த்தை. நான் பிசியோதெரபிஸ்ட், எலும்பு மருத்துவர் அல்ல. பதினாறு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஓடுபவர்கள். 2011 முதல் நானும் வாரத்தில் இரண்டு நாள் வெறுங்காலில் ஓடுகிறேன், மற்ற நாட்களில் ஷூவோடு. ஒரே மூச்சில் 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடியதில்லை. ஆகவே நாள்கணக்கில் ஓடுபவர்களைப் பற்றி நான் சொல்வதில், அவர்களுடைய பாதத்தைக் கையில் ஏந்திப் பார்த்த அனுபவம் உண்டே தவிர, அந்த இடத்தில் நின்ற அனுபவம் கிடையாது. உங்கள் முழங்காலை நான் தொட்டுப் பார்க்கவும் இல்லை. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சந்தேகமில்லாமல் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. தடித்த குதிகால் வைத்த ஷூவோடு ஓடும் பெரும்பாலோர் காலை முன்னே நீட்டிக் குதிகாலை முதலில் ஊன்றுகிறார்கள். ஷூவைக் கழற்றிவிட்டுத் தார்ச் சாலையில் ஓடச் சொன்னால் அதே ஆள் பத்தடிக்குள் மாறிவிடுகிறார். அடி சுருங்குகிறது, முழங்கால் சற்று மடிகிறது, பாதத்தின் முன்பகுதியோ நடுப்பகுதியோ முதலில் தரையைத் தொடுகிறது. யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, குதிகாலின் வலியே கற்றுத்தந்துவிடும். ஹார்வர்டு பேராசிரியர் டேனியல் லீபர்மனும் அவருடைய குழுவினரும் 2010 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்து காட்டியது. குதிகாலை ஊன்றும்போது விசை வரைபடத்தில் முள்போலச் செங்குத்தாக எழும் ஒரு துள்ளல், முன்பாதத்தில் இறங்குபவர்களிடம் ஏறக்குறைய இல்லை.

இதைப் படித்த பலர் "அடியே விழவில்லை" என்று எடுத்துக்கொண்டார்கள். அங்கேதான் கோளாறு தொடங்கியது. அந்த முள் மறைந்ததே ஒழிய, சுமை எங்கும் போய்விடவில்லை. முழங்காலும் சில்லும் சுமந்ததில் ஒரு பங்கு கணுக்காலுக்கும், கெண்டைக்கால் தசைக்கும், குதிகாலின் பின்னால் தடித்த கயிறுபோல் ஓடும் தசைநாணுக்கும், பாதத்தின் நீண்ட எலும்புகளுக்கும் போய்ச் சேர்கிறது. வாடகைக்காரர் வீடு மாறுவதைப் போலத்தான். பழைய வீட்டுக்காரர் நிம்மதியாக மூச்சு விடுவார், புதிய வீடு தாங்குமா என்பது வேறு கேள்வி. உங்கள் முழங்கால் சில்லைச் சுற்றிய வலிக்கு இந்த இடமாற்றம் உதவ வாய்ப்பு உண்டு. இதையே குதிகால் தசைநாணில் வலி உள்ளவரோ, காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது உள்ளங்கால் சுரீரென்று வலிப்பவரோ கேட்டிருந்தால், ஷூவைக் கழற்றாதீர்கள் என்று உடனே சொல்லியிருப்பேன்.

இனிச் சந்தேகத்துக்குரிய பக்கம். "மனிதன் இயல்பாக முன்பாதத்தில்தான் ஓடுவான், குதிகால் ஓட்டம் ஷூ கம்பெனிகளின் சதி" என்று ஒரு பேச்சு உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உண்மை அவ்வளவு நேராக இல்லை. வடக்குக் கென்யாவில் வாழ்நாள் முழுதும் காலணியின்றி நடக்கும் தாசனச் மக்களை ஆராய்ந்து 2013இல் ஒரு குழு முடிவுகளை வெளியிட்டது. தங்களுக்குப் பிடித்த நிதானமான வேகத்தில் ஓடியபோது அவர்களில் 72 சதவீதம் பேர் குதிகாலில்தான் இறங்கினார்கள். வேகம் கூடியபோதுதான் முன்பாதத்துக்கு மாறுவது அதிகரித்தது. இன்னொரு பக்கம், ஜப்பானில் ஓர் அரை மாரத்தானில் 15 கிலோமீட்டர் புள்ளியில் கேமரா வைத்து 283 முன்னணி வீரர்களைப் படம்பிடித்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் குதிகாலை ஊன்றி ஓடுபவர்கள். ஆக, குதிகால் ஓட்டம் பாவமும் இல்லை, முன்பாத ஓட்டம் புண்ணியமும் இல்லை. வெறுங்காலில் ஓடுபவர்களுக்கு மொத்தத்தில் காயம் குறைவு என்று யாரும் இதுவரை உறுதியாக நிரூபிக்கவில்லை. நான் பார்த்த வரையில் காயங்களின் எண்ணிக்கை மாறுவதில்லை, அவற்றின் முகவரிதான் மாறுகிறது.

ஐந்து விரல் உறை வைத்த மெல்லிய காலணி ஒன்று ஒரு காலத்தில் பரபரப்பாக விற்றது நினைவிருக்கலாம். பாதத்தை வலுவாக்கும், காயத்தைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்த விப்ரம் நிறுவனத்தின் மீது அமெரிக்காவில் 2012இல் வழக்குப் போட்டார்கள். தவறை ஒப்புக்கொள்ளாமலே 2014இல் 37.5 லட்சம் டாலர் தந்து அது சமரசம் செய்துகொண்டது. வழக்கை விட எனக்கு முக்கியமாகப் பட்டது 2013இல் வந்த ஒரு சிறிய ஆய்வு. அனுபவமுள்ள 36 ஓட்டக்காரர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவைப் பத்து வாரத்தில் படிப்படியாக அந்தக் காலணிக்கு மாற்றினார்கள். முன்னும் பின்னும் பாதத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்பின் உள்ளே நீர்க்கோர்வை கூடியிருந்தது. பழைய ஷூவிலேயே ஓடிய 17 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. எலும்பு தாங்கமுடியாமல் திணறுகிறது என்பதற்கு அது முதல் அறிகுறி. இத்தனைக்கும் அவர்கள் கண்மூடித்தனமாகக் குதித்தவர்கள் அல்லர், அன்று வழக்கத்தில் இருந்த பரிந்துரைப்படி கொஞ்சம் கொஞ்சமாக மாறியவர்கள்.

பத்து வாரம் ஏன் போதவில்லை என்று புரிந்துகொண்டால் உங்களுடைய மூன்று மாதக் கணக்கும் புரிந்துவிடும். தசை சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். எலும்பின் விவகாரம் தனி. புதிய சுமை வந்ததும் அது முதலில் பழைய திசுவை அரித்து அகற்றுகிறது, பிறகுதான் அந்த இடத்தில் புதியதைக் கட்டுகிறது. விரிசல் விட்ட சுவரை இடித்துவிட்டுக் கட்டுவது போன்ற வேலை இது. ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதம் ஆகும். இடையில் சில வாரங்கள், இடித்தாயிற்று, இன்னும் கட்டவில்லை என்கிற நிலை. அந்த நேரம் பார்த்துத்தான் தசை பழகி, மூச்சு சீராகி, "இனி எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம்" என்று உடம்பு நமக்கு ஆசை காட்டும்.

இதைப் புத்தகத்தில் படித்து வைத்திருந்த நானே மாட்டிக்கொண்டேன். 2011இல் தொடங்கிய ஏழாவது வாரம், மெல்லிய அடிப்பாகம் கொண்ட காலணியில் ஒன்பது கிலோமீட்டர் ஓடினேன். கால் தரையில் பாவவில்லை. அவ்வளவு லேசாக இருந்தது. மறுநாள் காலை வலது பாதத்தின் மேல்பக்கத்தில், மூன்றாவது விரலுக்கு நேர் பின்னால் ஒரே ஒரு புள்ளியில் வலி. ஆள்காட்டி விரல் நுனியால் அழுத்தினால் உயிர் போனது. அரை அங்குலம் தள்ளி அழுத்தினால் ஒன்றும் இல்லை. வேறு யாராவது அப்படி வந்திருந்தால் "எலும்பு, ஓடாதீர்கள்" என்று அரை நிமிடத்தில் சொல்லியிருப்பேன். எனக்கு நானே தசைப்பிடிப்பு என்று சொல்லிக்கொண்டு மூன்றாம் நாள் மறுபடியும் ஓடினேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, இந்த வகை விரிசல் ஆரம்பத்தில் பெரும்பாலும் தெரியாது. மூன்று வாரம் கழித்து எடுத்த படத்தில் எலும்பைச் சுற்றிப் பஞ்சுபோல் ஒரு புகைமூட்டம் இருந்தது, ஆறத் தொடங்கிய விரிசல். ஒன்பது வாரம் ஓடவில்லை. பரவலான வலி வேறு, விரல் நுனிக்கு அடியில் அடங்கும் வலி வேறு. இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முறைக்கு வருகிறேன். வெறுங்கால் ஓட்டம் என்றதும் பலர் நுனிக்காலில் குதிக்கத் தொடங்குகிறார்கள். அது தவறு. பாதத்தின் முன்பகுதி, அதுவும் சுண்டுவிரல் பக்கத்து விளிம்பு, முதலில் மெல்லத் தொட வேண்டும். அடுத்த கணம் பாதம் உள்பக்கமாகச் சாய்ந்து, குதிகாலும் இறங்கித் தரையை ஒரு முத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். குதிகாலைத் தொங்கவிட்டே ஓடினால் கெண்டைக்கால் இரண்டே நாளில் கல்லாகிவிடும், மாடிப்படி இறங்கக் கைப்பிடியைத் தேடுவீர்கள். ஆனால் எந்த இடம் முதலில் தொடுகிறது என்பதை விட, எங்கே தொடுகிறது என்பதுதான் முக்கியம். உடம்புக்கு வெகு முன்னால் காலை வீசினால், முன்பாதமாக இருந்தாலும் அது பிரேக்தான். இடுப்புக்குக் கீழே, முழங்கால் மடிந்த நிலையில் இறங்க வேண்டும். காலால் தரையை உதைத்துத் தள்ளாதீர்கள். சுடுதரையில் வைத்த காலை எடுப்பதுபோல் எடுங்கள். விரல்களைச் சுருட்டித் தரையைப் பற்றாதீர்கள். பார்வை மூன்று நான்கு மீட்டர் முன்னால் இருக்கட்டும்.

அடி எண்ணிக்கையைப் பற்றி நிமிடத்துக்கு 180 என்று ஒரு மந்திர எண் உலவுகிறது. 1984 ஒலிம்பிக்கில் ஓடியவர்களின் அடிகளைப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் எண்ணிப் பார்த்ததிலிருந்து பிரபலமான எண் அது. போட்டியில் பறந்த உலகத் தர வீரர்களின் கணக்கை, அலுவலகம் போகுமுன் நிதானமாக ஓடும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. உங்கள் வழக்கமான வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணுங்கள். அதில் ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டுங்கள். 160 என்றால் 168 முதல் 176 வரை. இந்தச் சிறு மாற்றமே முழங்காலிலும் இடுப்பிலும் இறங்கும் சுமையைக் குறைக்கிறது என்று 2011இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இதற்கு ஷூவைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. முழங்கால் வலியோடு வரும் ஓட்டக்காரரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான், வெறுங்காலை அல்ல.

பிறகு வெறுங்கால் எதற்கு என்று கேட்பீர்கள். என்னைப் பொறுத்தவரை அது கண்டிப்பான ஒரு வாத்தியார். ஷூவுக்குள் செய்யும் தவறு ஆறு மாதம் கழித்து முழங்காலில் தெரியும். வெறுங்காலில் செய்யும் தவறு அன்று மாலையே தோலில் தெரிந்துவிடும். நானூறு மீட்டர் ஓடிவிட்டு உட்கார்ந்து உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். கட்டைவிரலுக்குக் கீழேயுள்ள மேட்டில் சிவந்து கன்றியிருந்தால், தரையை உதைத்துத் தள்ளுகிறீர்கள். விரல் நுனிகளில் கொப்புளம் என்றால் விரலால் தரையைப் பற்றுகிறீர்கள். குதிகாலில் எரிச்சல் என்றால் காலை முன்னே நீட்டுகிறீர்கள். ஒரு பாதம் மட்டும் சிவந்திருந்தால் இரண்டு கால்களும் ஒரே வேலையைச் செய்யவில்லை என்று பொருள். காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். சரியாக ஓடும் வெறுங்காலில் சத்தமே இருக்காது. "பட், பட்" என்று அறைகிற ஓசை கேட்டால் அன்றைக்கு நிறுத்திவிடலாம். தோல் தடித்தால் உணர்ச்சி மரத்துவிடுமோ என்று சிலர் கேட்பார்கள். 2019இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, கால் காய்ப்பு எவ்வளவு தடித்தாலும் தரையை உணரும் நரம்பின் கூர்மை மழுங்குவதில்லை என்று காட்டியது. ஷூவின் மெத்தை அப்படி அல்ல, அது காக்கவும் செய்யும், மறைக்கவும் செய்யும்.

தொடங்குவதாக இருந்தால் இரண்டு மூன்று வாரம் வீட்டிலும் சுத்தமான தரையிலும் வெறுங்காலில் நடப்பதோடு சரி. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், 200 மீட்டர், கடினமான சமதரையில். புல் மெத்தென்று இருக்கும், ஆனால் முள்ளையும் கண்ணாடித் துண்டையும் மறைக்கும், தவறான காலடியையும் மன்னித்துவிடும். மணலில் குதிகால் புதைவதால் தசைநாணுக்கு இழுவை கூடும். இருநூறை நானூறாக்க ஒரு வாரம், நானூறை ஒரு கிலோமீட்டராக்க ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோம்பேறித்தனமான கணக்கு என்று தோன்றும், ஆனால் எலும்பின் கணக்கு அதுதான். ஷூவோடு ஓடுவதை நிறுத்த வேண்டாம். வெறுங்கால் என்பது சாப்பாட்டில் ஊறுகாய் அளவு இருந்தால் போதும். காலையில் எழுந்ததும் குதிகாலின் பின்புறம் விறைத்திருந்தால் அன்று ஓய்வு. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், காலில் ரத்த ஓட்டக் குறைவு உள்ளவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். மற்றவர்கள் டெட்டனஸ் தடுப்பூசி காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

இனி அந்த ஒரு வரி. அவர்களெல்லாம் பிறவியிலேயே அப்படியா? வெறுங்கால் என்றதும் எல்லோரும் சொல்லும் முதல் பெயர் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா. 1960 செப்டம்பர் 10 மாலை, ரோம் ஒலிம்பிக் மாரத்தானைக் காலணியின்றி 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் ஓடி, உலகிலேயே அதுவரை யாரும் எட்டாத நேரத்தோடு தங்கம் வென்றார். கொள்கைக்காகக் கழற்றியதல்ல. அங்கே கிடைத்த புது ஷூ காலுக்குப் பொருந்தவில்லை. வெறுங்காலில் பயிற்சி செய்து பழகியிருந்ததால் அப்படியே ஓடினார். நான்கு ஆண்டுகள் கழித்து டோக்கியோவில், குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆன நிலையில், ஷூ அணிந்து ஓடி 2 மணி 12 நிமிடம் 11 வினாடியில் மீண்டும் தங்கம். மூன்று நிமிடம் குறைந்ததற்கு ஷூதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. பிகிலாவுக்கு ஷூ இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதே பிகிலா 1969இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். மறு ஆண்டே சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார். 1973இல், 41 வயதில் இறந்தார். இந்தக் கடைசிப் பகுதியை வெறுங்கால் பிரசாரம் செய்பவர்கள் சொல்வதே இல்லை. எனக்கு அவர் மீது மதிப்பு கூடியது அதைப் படித்தபோதுதான்.

மெக்சிகோ மலைப்பள்ளத்தாக்குகளில் வாழும் ராராமுரி மக்களையும் நீங்கள் குறிப்பிட்டிருந்தீர்கள். அவர்கள் வெறுங்காலில் ஓடுபவர்கள் என்பது பாதி உண்மைகூட இல்லை. பழைய டயர் ரப்பரை வெட்டித் தோல்வார் கோத்த செருப்பைக் கட்டிக்கொண்டு ஓடுபவர்கள். 1993இல் அமெரிக்காவின் கொலராடோவில், 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் நடக்கும் லெட்வில் 100 மைல் பந்தயத்தில் அவர்களில் ஒருவரான விக்டோரியானோ சுர்ரோ வென்றார். அப்போது அவருக்கு வயது 55. அந்தச் செருப்போடு ஓடும் ராராமுரிகளைப் பிற்பாடு லீபர்மனே போய் ஆராய்ந்தார். அவர்களில் 40 சதவீதம் பேர் நடுப்பாதத்திலும் 30 சதவீதம் பேர் முன்பாதத்திலும் மீதிப்பேர் குதிகாலிலும் இறங்குகிறார்கள். ஆக ஒரு பொதுவான "அவர்களுடைய முறை" என்று எடுத்துவைக்க அங்கேயும் எதுவும் இல்லை. சிறு வயது முதல் மலையேறி, நடந்து, பந்தை உதைத்துக்கொண்டே நாள் முழுதும் ஓடும் வாழ்க்கைதான் இருக்கிறது.

அந்த மக்களோடு வாழ்ந்து, அங்கே ஓர் அல்ட்ரா மாரத்தானையே தொடங்கிவைத்த மைக்கா ட்ரூ என்ற அமெரிக்கரின் முடிவும் தெரிந்திருக்க வேண்டியது. 2012 மார்ச்சில் நியூ மெக்சிகோவின் கிலா வனப்பகுதியில் தனியாக ஓடப்போனவர் திரும்பவில்லை. நான்கு நாள் தேடி, ஓர் ஓடைக்கரையில் உடலைக் கண்டெடுத்தார்கள். வயது 58. இதயத்தசை நோய் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. ஓட்டம்தான் அவரைக் கொன்றது என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஓடுபவருக்கு இதயம் பழுதாகாது என்பதும் உண்மை இல்லை. ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு வந்தால் காலைப் பற்றிய கவலையை ஒதுக்கிவிட்டு முதலில் இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெறுங்காலில் நாட்டைக் கடந்தவர் என்று நீங்கள் சொன்னது பிரிட்டனின் அன்னா மெக்நஃப் ஆக இருக்க வேண்டும். 2019இல் ஷெட்லாந்து தீவுகளில் தொடங்கி லண்டன் வரை 2,352 மைல், அதாவது ஏறக்குறைய 3,785 கிலோமீட்டர், காலணியில்லாமல் ஓடினார். வியக்க வேண்டிய காரியம்தான். ஆனால் அவர் அதற்கு முன்பே நியூசிலாந்தின் நீளத்தை ஷூவோடு ஓடி முடித்தவர், உடம்பைச் சின்ன வயதிலிருந்தே விளையாட்டில் வைத்திருந்தவர். நடுவில் பாதத்தில் புண்ணாகிச் சீழ்பிடித்து நிறுத்த வேண்டியும் வந்தது. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு மூன்று மாதத்தில் நாமும் இறங்கினால், புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான்.

என் மனத்துக்கு நெருக்கமானவர் ரோசி ஸ்வேல் போப். கணவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தபின், 2003 அக்டோபர் 2ஆம் தேதி, தன் 57ஆவது பிறந்தநாளன்று, வேல்ஸில் தன் வீட்டு வாசலிலிருந்து உலகைச் சுற்றி ஓடக் கிளம்பினார். தூங்கவும் சமைக்கவும் ஒரு சிறு வண்டியைத் தானே இழுத்துக்கொண்டு சைபீரியப் பனியையும் கடந்து, 2008 ஆகஸ்டில் ஊர் திரும்பினார். ஏறக்குறைய 32,000 கிலோமீட்டர், 53 ஜோடி ஷூக்கள். ரஷ்யாவில் ஒரு பஸ் அவரை இடித்தது. கடைசிக் கட்டத்தில் எலும்பில் விரிசல் கண்டு, ஊன்றுகோலோடுதான் வீட்டு வாசலைத் தொட்டார். அந்த ஐம்பத்துமூன்று ஜோடியை நினைத்துப் பாருங்கள். உலகைச் சுற்றியவருக்குக் காலணி ஒரு கொள்கையாக இல்லை, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளும் டயராகவே இருந்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் கிளிஃப் யங்கும் அப்படித்தான். 61 வயது உருளைக்கிழங்கு விவசாயி, 1983இல் சிட்னியிலிருந்து மெல்போர்ன் வரை 875 கிலோமீட்டரை 5 நாள் 15 மணி 4 நிமிடத்தில் ஓடி, இளம் வீரர்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளினார். அவருடைய ஓட்டம் பார்க்க அழகாக இருக்காது. பாதத்தைத் தரையிலிருந்து உயர்த்தாமல், தேய்த்துத் தேய்த்து, சிற்றடி வைத்து நகர்வார். மற்றவர்கள் தூங்கிய நேரத்திலும் நகர்ந்துகொண்டே இருந்தார். பின்னால் வந்த தொலைதூர ஓட்டக்காரர்கள் அந்த நடையையே பின்பற்றினார்கள். ஓட்ட முறையின் அழகைப் பற்றிப் பேசுபவர்களிடம் நான் அவருடைய காணொளியைத்தான் காட்டுவது வழக்கம்.

பலநாள் பந்தயம் ஓடிவிட்டு என்னிடம் வந்த ஒருவரின் பாதத்தை இன்னும் மறக்கவில்லை. வீக்கம் இடம்கொடுக்காததால் ஷூவின் முன்பக்கத்தைக் கத்தியால் வட்டமாக வெட்டி, விரல்கள் வெளியே தெரிய ஓடியிருந்தார். நான்கு நகங்கள் கறுத்துக் கழன்றுகொண்டிருந்தன. "எப்படித் தாங்கினீர்கள்?" என்று கேட்டதற்கு, "தாங்கியது நானா? என் மனைவி காரில் பின்னாலேயே வந்து ஐந்து நாள் எனக்குச் சோறு ஊட்டினாள்" என்றார். சாகசக்காரர்களின் வாழ்க்கையில் வெளியே தெரியாத பகுதி அதுதான். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் என்பது வேகமான ஓட்டம் அல்ல. நடந்து, ஓடி, தின்று, மறுபடி நடந்து கழிகிற பகல். அதற்கு வேண்டியது அபூர்வமான கால் என்பதை விட, மாதக்கணக்கில் வேறு வேலை இல்லாத நாட்கள், வருமானம் நின்றுபோவதைப் பொறுக்கும் வீடு, இடையில் வலித்தால் இரண்டு வாரம் படுத்துக்கொள்ளும் சுதந்திரம். பிறவிக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். சிலருக்கு எலும்பும் நாணும் இயல்பிலேயே கெட்டி. ஆனால் நம் கண்ணில் படுபவர்கள் முடித்தவர்கள் மட்டும்தான். அதே கனவோடு கிளம்பி மூன்றாம் வாரம் பாத எலும்பு விரிந்து ஊர் திரும்பியவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை; அவர் என்னைப் போன்றவர்களின் அறையில் வந்து உட்கார்ந்திருப்பார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முழங்கால் வீங்குகிறதா, மடக்கி நீட்டும்போது சிக்கிக்கொள்கிறதா, நடக்கும்போது திடீரென்று விட்டுப்போகிறதா, இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறதா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் இதுவரை நான் எழுதியதை ஒதுக்கிவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால் அரை மாரத்தானை இப்போதுள்ள ஷூவோடு ஓடுங்கள். ஆறேழு கிலோமீட்டரில் வலி வருகிறது என்கிறீர்கள், ஆகவே இரண்டு வாரம் நான்கு கிலோமீட்டரில் நிறுத்திக்கொண்டு, அடி எண்ணிக்கையை ஐந்து சதவீதம் கூட்டிப் பாருங்கள். வலி வராவிட்டால் வாரம் ஒரு கிலோமீட்டர் சேர்க்கலாம். வாரம் இரண்டு முறை, ஒற்றைக்காலில் நின்று குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்குங்கள். காலுக்கு இருபது இருபத்தைந்து முறை தடுமாறாமல் முடிகிறதா என்று பாருங்கள். இப்போது பத்தில் நின்றுவிடுகிறது என்றால், வெறுங்கால் ஓட்டத்துக்கு உங்கள் கெண்டைக்கால் இன்னும் தயாரில்லை. பந்தயம் முடிந்து ஒரு வாரம் ஓய்வெடுத்தபின் ஷூவைக் கழற்றி, இரண்டு மூன்று வாரம் நடந்து பழகிவிட்டு, அந்த முதல் 200 மீட்டரைத் தொடங்குங்கள். அன்று மாலை உள்ளங்காலில் எந்த இடம் சிவந்திருக்கிறது என்று எழுதுங்கள். அடுத்து எதைத் திருத்துவது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.